பக்கோடு குடித்தனம்: புதிய உபுண்டு சர்வரை ஓட்டும் வழி

புது ஓஎஸ் ஏற்றிய சர்வரில் ஏதாவது நின்றுபோனால் உடனே "பக்" (நிரல்பிழை) என்று பெயர் வைத்துவிடுகிறோம். பாதி நேரம் அது பக்கே இல்லை. இதுவரை இருந்த இயல்பு அமைப்பை மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். பக் என்றால் திருத்தம் வரும்வரை ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டும். மாற்றம் என்றால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் திருத்தம் வராது, நம் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். 2024 ஏப்ரல் 25 அன்று வெளியான உபுண்டு 24.04 எல்டிஎஸ்ஸில் (நீண்டகால ஆதரவுப் பதிப்பில்) இரண்டு வகையும் தாராளமாக உண்டு.

எப்போது மாறுவது?

22.04 சர்வரில், அடுத்த பதிப்புக்கு மாற்றும் டூ-ரிலீஸ்-அப்கிரேட் கமாண்டைக் கொடுத்தபோது, முதல் திருத்தப் பதிப்பான 24.04.1 வரும்வரை அது புது எல்டிஎஸ் எதையும் காட்டவில்லை. அது கோளாறல்ல, வேண்டுமென்றே போட்ட தாழ்ப்பாள். மைனஸ் டி சேர்த்தால் திறந்துகொள்ளும். வேலையில் இருக்கும் சர்வரில் சேர்க்காதீர்கள். 24.04.1 ஆகஸ்ட் 15-க்கு வரவேண்டியது, 29-க்குத் தள்ளிப்போனது. வந்த சில நாளிலேயே அப்கிரேட் கருவியில் கடுமையான பக் தென்பட, 22.04-லிருந்து வரும் வழியை மறுபடி மூடி, சரிசெய்த பிறகே திறந்தார்கள். ஆகவே பாயிண்ட் ஒன் வந்த அன்றே கிளம்ப வேண்டாம், ஒரு மாதம் போகட்டும். 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை வழக்கமான ஆதரவு உண்டு, என்ன அவசரம்?

திரும்பிவர ஒரு வழி

சர்வர் இன்ஸ்டாலரில், டிஸ்க் இடத்தைப் பங்கிடும் எல்விஎம்மை அப்படியே ஏற்றுக்கொண்டால், 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் ரூட்டுக்கு (ஓஎஸ் இருக்கும் முதன்மைப் பகுதிக்கு) 100 ஜிபி மட்டும் கொடுத்து மீதியைச் சும்மா விட்டுவைக்கும். டிஸ்க் நிறைந்தபிறகு இதைக் கண்டு திட்டுபவர்கள் நிறையப் பேர். ஆனால் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) எடுக்க அந்தக் காலியிடம்தான் வேண்டும். முழுவதையும் ரூட்டுக்குக் கொடுத்துவிடாமல் 20 ஜிபியாவது மிச்சம் வையுங்கள்.

பெரிய அப்டேட்டுக்கு முன் எல்விகிரியேட் மைனஸ் எஸ் கொடுத்து, ரூட்டின் எல்விஎம் பெயரான உபுண்டு-எல்வி மீது 20 ஜிபி ஸ்னாப்ஷாட் எடுங்கள். பிறகு எல்விஎஸ் கமாண்டில் டேட்டா சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது 100-ஐத் தொட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாது, மீட்கவும் முடியாது. அப்டேட் ஒழுங்காக நடந்தால் இரண்டு நாளில் அழித்துவிடுங்கள். சொதப்பினால் எல்விகன்வர்ட் கமாண்டில் மெர்ஜ் கொடுத்து ரீபூட் செய்ய வேண்டும்.

பலரும் விழுவது இங்கேதான்: பூட் பகுதி எல்விஎம்முக்கு வெளியே, தனிப் பார்ட்டிஷனில் இருக்கிறது. ரூட் பழைய நிலைக்குப் போய்விடும், பூட்டில் புதுக் கர்னல் (ஓஎஸ்ஸின் மையம்) அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தக் கர்னலுக்கான மாட்யூல்கள் (டிரைவர்கள் போன்றவை) ரூட்டில் இருக்காது, நெட்வொர்க் கார்டுகூட எழுந்திருக்காமல் போகலாம். அதனால் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போதே பூட் டைரக்டரியையும் டார் கோப்பாகக் கட்டி வேறு இயந்திரத்தில் வையுங்கள். மெர்ஜ் கொடுத்து ரீபூட் செய்யுமுன் அதை மீண்டும் விரித்துவிடுங்கள். டேட்டாபேஸும் அதே ரூட்டில் இருந்தால் அதுவும் சேர்ந்து பின்னுக்குப் போகும். மெர்ஜ் செய்யுமுன் தனியாக ஒரு டம்ப் (டேட்டாவின் முழு நகல்) எடுக்க மறக்காதீர்கள்.

பக் போலத் தெரியும் மாற்றங்கள்

எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி): எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கில் போர்ட்டை 2222 ஆக்கி, பழைய பழக்கத்தில் எஸ்எஸ்எச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால், அது 22-லேயே நிற்கும். காரணம், இப்போது போர்ட்டைப் பிடித்திருப்பது எஸ்எஸ்எச்டி அல்ல, சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்-டியின் சாக்கெட். சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அடுத்து எஸ்எஸ்எச்.சாக்கெட்டுக்கு ரீஸ்டார்ட், இரண்டும் வேண்டும். எஸ்எஸ் மைனஸ் டிஎல்என்பி கொடுத்து, கேட்கும் போர்ட்டைக் கண்ணால் பார்த்தபிறகே இருக்கும் செஷனை மூடுங்கள். ஃபயர்வாலில் 22-ஐ முதலில் அடைத்தவர்கள் கன்சோலைத் தேடி ஓடவேண்டியதுதான்.

ஹெட்லெஸ் (திரையில்லாமல் ஓடும்) குரோம்: பிடிஎஃப் தயாரிக்க, டெஸ்ட் ஓட்ட என்று சர்வரில் குரோமியம் வைத்திருந்தால் இரண்டு அடி விழும். நிறுவும்போதே லிப்அசவுண்ட்2 என்ற பேக்கேஜ் கிடைக்கவில்லை என்று ஸ்கிரிப்ட் நிற்கும். 2038-ல் 32 பிட் நேர எண் நிரம்பிவிடும் சிக்கலுக்காக நேர எண்ணை 64 பிட் ஆக்கியபோது பல லைப்ரரிகளின் பெயரோடு டி64 ஒட்டிக்கொண்டது. லிப்அசவுண்ட்2டி64 என்று மாற்றினால் போதும். அதைத் தாண்டினால் சாண்ட்பாக்ஸ் (பாதுகாப்புத் தடுப்பு) இல்லை என்று குரோம் எழ மறுக்கும். சாதாரண யூசர் உருவாக்கும் நேம்ஸ்பேஸ்களை (தனித்த ஒதுக்குப்பகுதிகளை) பாதுகாப்புக் காவலான ஆப்ஆர்மர் இப்போது கட்டுப்படுத்துகிறது; ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே-யில் யூசர்என்எஸ் என்ற சொல்லோடு வரி இருந்தால் அதுதான் காரணம். சிஸ்சிடிஎல்லில் ஒரு வரியை 0 ஆக்கினால் போதும் என்று சொல்வார்கள். அது ஒரு ஆளுக்காக வீட்டுக் கதவையே கழற்றிவைக்கிற வேலை. அந்த ஒரு பைனரிக்கு மட்டும் ஆப்ஆர்மர் புரொஃபைல் எழுதி அதில் யூசர்என்எஸ் அனுமதி கொடுங்கள், ஐந்தாறு வரிதான்.

நடுப்பகலில் ரீஸ்டார்ட் ஆகும் டேட்டாபேஸ்: இதுதான் அதிகம் குழப்புவது. லைப்ரரி அப்டேட் ஆனதும், அதைப் பயன்படுத்தும் சர்வீஸ்களை 24.04-ல் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி தானாகவே ரீஸ்டார்ட் செய்கிறது. தானியங்கி அப்டேட் ஓடும் நேரம் காலை 6 முதல் 7-க்குள். ஆனால் பெரும்பாலான கிளவுட் சர்வர்கள் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் இருப்பதால், இந்தியாவிலும் இலங்கையிலும் அது 11.30 முதல் 12.30. ஓப்பன்எஸ்எஸ்எல் திருத்தம் வந்த நாளில் உச்சி வெயிலில் போஸ்ட்கிரெஸ் இணைப்புகள் ஏன் அறுந்தன என்பதற்கு விடை பெரும்பாலும் இதுதான். ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் டைமரை சிஸ்டம்சிடிஎல் எடிட்டில் திறந்து, ஆன்கேலண்டரை முதலில் வெறுமையாக ஒரு வரி எழுதுங்கள், அடுத்த வரியில் 21:30 கொடுங்கள். நம் நேரம் அதிகாலை 3 மணி. அந்த வெறும் வரியை விட்டுவிட்டால் இரண்டு நேரத்திலும் ஓடும். தானாக ரீஸ்டார்ட் ஆகவே கூடாத சர்வீஸின் பெயரை நீட்ரீஸ்டார்ட் அமைப்பின் ஓவர்ரைடு_ஆர்சி பட்டியலில் சேர்த்து மதிப்பை 0 ஆக்குங்கள். ஆனால் அந்த சர்வீஸ் பழைய ஓட்டை லைப்ரரியோடுதான் ஓடிக்கொண்டிருக்கும், இரவில் நீங்களே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

உண்மையிலேயே பக் என்றால்

கர்னலில்தான் அதிகம் வலிக்கும். எந்தக் கர்னலில் எழுப்புவது என்று கேட்கும் கிரப் மெனு இயல்பாக ஒளிந்திருக்கும். பிரச்சினை வருமுன்பே, இடிசி டிஃபால்ட் கிரப் கோப்பில் டைம்அவுட் ஸ்டைலை மெனு என்றும் டைம்அவுட்டை 5 என்றும் வைத்து அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். கிளவுட் இமேஜில் மாற்றம் எடுபடாவிட்டால் கிரப்.டி டைரக்டரியில் 50-கிளவுட்இமேஜ் என்று தொடங்கும் கோப்பு அதை மறுபடி 0 ஆக்குகிறதா என்று பாருங்கள். பிறகு மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய் முந்தைய கர்னலில் எழுப்பலாம்.

எழுந்ததும் லினக்ஸ்-ஜெனரிக், லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் மூன்றையும் ஆப்ட்-மார்க் ஹோல்ட் செய்து, அப்டேட் ஆகாமல் நிறுத்திவையுங்கள். நன்றாக ஓடும் கர்னலின் இமேஜ், மாட்யூல்ஸ், மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பேக்கேஜ்களை ஆப்ட்-மார்க் மேனுவல் செய்தால் ஆட்டோரிமூவ் அவற்றைத் துடைத்துவிடாது. எக்ஸ்ட்ராவை விட்டுவிடாதீர்கள், பல டிரைவர்கள் அதில்தான் இருக்கின்றன.

ஹோல்ட் போட்ட நிமிடத்திலிருந்து கர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தமும் நின்றுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்: தேதி, பேக்கேஜின் முழு வெர்ஷன், உபுண்டுவின் பக் பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் உள்ள பக் எண், என்ன செய்தோம், எது வந்தால் எடுக்கலாம். அந்தக் கோப்பை லாகின் செய்யும்போது வரும் எம்ஓடிடியில் காட்டிவிட்டால் யாரும் மறக்க முடியாது.

அப்டேட் தானாக வந்துவிடும் என்றும் நம்பியிருக்காதீர்கள். 2025 அக்டோபரில் உபுண்டு 25.10-ல், ரஸ்டில் எழுதிய புது டேட் கமாண்ட் மைனஸ் ஆர் ஆப்ஷனைக் கண்டுகொள்ளாததால், தானியங்கி அப்டேட் பார்க்கும் வேலையே நின்றது. திருத்தத்தைக் கொண்டுவரும் வண்டியே பழுதானால் கையால்தான் ஆப்ட் அப்டேட் ஓட்டியாக வேண்டும்.

லாஞ்ச்பேடில் உங்கள் பக் ஏற்கெனவே இருந்தால் புதிதாகத் திறக்காமல் "எனக்கும் வருகிறது" என்பதை அழுத்துங்கள். இல்லையென்றால் உபுண்டு-பக் கமாண்டோடு பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள், லாகுகளை அதுவே திரட்டும். திருத்தம் முதலில் 24.04-ன் சோதனைக் களஞ்சியமான நோபிள்-புரொபோஸ்டில் வந்து குறைந்தது 7 நாள் அங்கே இருக்கும். டெஸ்ட் சர்வரில் அந்த ஒரு பேக்கேஜை மட்டும் அங்கிருந்து எடுத்து ஓட்டிப் பார்த்து, வெர்ஷனோடு பக்கின் கீழ் எழுதுங்கள். யாரும் சோதிக்காத திருத்தம் அங்கேயே தேங்கிவிடும். வெளியானதும் ஒரு சர்வரில் மட்டும் அன்ஹோல்ட் கொடுத்து ரீபூட் செய்து, ஒரு வாரம் கழித்து மற்றவற்றுக்குப் போங்கள். எம்ஓடிடியிலிருந்து அந்த வரியையும் அழித்துவிடுங்கள்.