கதை எழுதியாயிற்று, கேட்கப் பிள்ளைகள் வேண்டும்: சிறார் எழுத்தாளருக்கு ஒரு வலைப்பூ

சொந்தச் செலவில் சிறார் கதைப் புத்தகம் அச்சிட்டு, விற்காத பிரதிகளைக் கட்டுக் கட்டாக வீட்டு அலமாரிக்கு மேல் அடுக்கி வைத்திருப்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உண்டு. கதை நன்றாகவே இருக்கும். அப்படி ஒன்று இருப்பதுதான் யாருக்கும் தெரியாது. காசு செலவில்லாமல் அதைத் தெரியவைக்கும் வழிகளில் வலைப்பூ (பிளாக்) ஒன்று. கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பிள்ளை உங்கள் வலைப்பூவைத் தேடி வராது. வருகிறவர் நாளைக் காலை மூன்றாம் வகுப்பில் என்ன கதை சொல்லலாம் என்று தேடும் ஆசிரியர். இரவு கதை கேட்டு நச்சரிக்கும் பிள்ளையின் அம்மா. கோடை விடுமுறைக்கு வாசிப்பு நிகழ்ச்சி நடத்த நினைக்கும் நூலகர். கதை பிள்ளைக்கு, பக்கம் பெரியவருக்கு. தோரணமும் பொம்மையும் நாலு வண்ணமுமாகப் பக்கத்தை நிரப்பினால் அந்தப் பெரியவர் கதையைத் தேடியே களைத்துவிடுவார்.

படி 1: பக்கம் திறப்பது

தொடங்குபவர்களுக்கு பிளாக்கர் போதும். 1999-இல் தொடங்கி 2003-இல் கூகுள் கைக்குப் போன இலவசச் சேவை அது. ஜிமெயில் கணக்கிலேயே திறக்கலாம். இதே வேலைக்கான இன்னொரு சேவை வேர்டுபிரஸ்; அதில் வசதி அதிகம், குழப்பமும் அதிகம். அமைப்புகளில் மொழியைத் தமிழ் என்றும், நேர மண்டலத்தை இந்திய நேரம் என்றும் மாற்றுங்கள். வலைப்பூவுக்கு உங்கள் பெயரையே வையுங்கள். ‘வண்ணத்துப்பூச்சி’, ‘பட்டாம்பூச்சி’ எல்லாம் ஏற்கெனவே ஏராளமாகப் பறக்கின்றன.

பழைய கதைகள் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் இணையத்தில் எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கூகுளில் தேடினால் அகப்படாது. கதையைப் படமாக எடுத்துப் போட்டாலும் இதே கதிதான்.

ஆரம்பத்தில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. தமிழில் தலைப்பு வைத்தால், பிளாக்கர் அந்தப் பதிவின் முகவரியில் தலைப்பைக் காட்டாது. பொதுவான ஒரு சொல்லையும் எண்ணையும் போட்டுவிடும். வெளியிடுவதற்கு முன் வலப்பக்கம் ‘நிரந்தர இணைப்பு’ என்ற இடத்தில், கதையின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே சிறு கோடிட்டு நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பார்ப்பவருக்கு அது என்ன கதை என்பது அப்போதுதான் புரியும்.

படி 2: உரக்க வாசிக்க எழுதுவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம், கேழ்வரகு விளையும் காலத்தில் யானைக்குக் காவல் இருப்பதைக் கதையாக்குகிறீர்கள் என்று வையுங்கள். முதல் வரி இப்படி வருகிறது:

“வனத்தின் ஓரத்தில் அமைந்திருந்த கேழ்வரகுக் கொல்லையில் தன் தாத்தாவுடன் பரணில் காவலுக்கு அமர்ந்திருந்த மல்லி, திடீரெனக் கேட்ட ஓசையால் திடுக்கிட்டாள்.”

பிழை இல்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் முன் நின்று இதை வாசிக்கும் ஆசிரியருக்கு மூச்சு வாங்கும். மாற்றிப் பாருங்கள்:

“மல்லி பரண் மேல் ஏறினாள். தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார். கீழே கொல்லையில் சரக்... சரக்... ‘தாத்தா, மாடு வந்திருக்கிறது!’ ‘இந்த நேரத்தில் ஏது மாடு?’”

அந்த ‘சரக்... சரக்...’ மூன்றாம் முறை வரும்போது வகுப்பே சேர்ந்து சொல்லும். ஓசூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுத் தமிழ் படிக்க வரும் பிள்ளைகள் அதிகம். திரும்பத் திரும்ப வரும் வரிகள் அவர்களைக் கதைக்குள் இழுக்கும்.

கதைப்பொருளுக்கு வெகுதூரம் போக வேண்டாம். மாங்கூழ் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் லாரிகள், ஒகேனக்கல் பரிசல், எருது விடும் விழாவுக்கு மாட்டை அலங்கரிக்கும் வீடு என்று இங்கேயே கிடக்கிறது. அதியமானும் நெல்லிக்கனியும் மட்டும் வேண்டாமே; அதைச் சொல்லாதவர்கள் யாரும் மிச்சமில்லை.

படி 3: பதிவின் அமைப்பு

கதைக்கு மேலே ஒரே வரி: எந்த வகுப்புக்கு, வாசிக்க எத்தனை நிமிடம். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்து வந்ததால், ஆசிரியர்கள் நிலை பார்த்துக் கதை எடுக்கப் பழகியிருக்கிறார்கள். பதிவுகளை வகை பிரிக்க பிளாக்கர் தரும் லேபிள்களையும் அப்படியே வகுப்புவாரியாக வையுங்கள். கதைக்குக் கீழே கேட்க இரண்டு கேள்விகள், வரைய ஒரு வேலை. ஏ4 தாளில் அச்சிடும்படி, பெரிய எழுத்தில் ஒரு பிடிஎஃப் இணைப்பு. நீதி வேண்டாம்; பிள்ளைகள் அதைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார்கள்.

பிள்ளைகள் வரைந்த படம் வந்தால் போடலாம். பெயரும் வகுப்பும் போதும். ஊர், பள்ளி வேண்டாம். முகம் தெரியும் புகைப்படத்தைப் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராமல் போடவே கூடாது.

படி 4: வெளியே கொண்டுபோவது

நான்கைந்து கதைகள் ஏறிய பிறகு அறிவியுங்கள். காலிப் பக்கத்துக்கு ஒருமுறை வந்து திரும்பியவர் மறுபடி வரமாட்டார். அதன்பின் பதினைந்து நாளுக்கு ஒரு கதை, ஞாயிறு மாலை. திங்கட்கிழமைக்குத் தயாராகும் ஆசிரியருக்கு அதுதான் வசதி. வாட்ஸ்அப் குழுவில் வெறும் இணைப்பைத் தள்ளாமல், “மூன்றாம் வகுப்புக்கு, ஆறு நிமிடக் கதை, யானையைப் பற்றி” என்று எழுதி அனுப்புங்கள்.

எல்லாக் கதையையும் வலைப்பூவில் கொட்டிவிடாதீர்கள். முன்பு எங்கும் வெளிவராத படைப்பையே பல இதழ்களும் போட்டிகளும் கேட்கும். வலைப்பூவில் வந்ததும் வெளியானதாகவே கணக்கு. நல்ல கதைகளில் பாதியைக் கையில் வைத்திருங்கள்.

‘என் புத்தகங்கள்’ என்று தனிப் பக்கம் ஒன்றில் அட்டைப்படம், விலை, வாங்கும் வழி இருக்கட்டும். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் உங்கள் புத்தகம் அரங்கில் இருந்தால், அதற்குள் கியூஆர் குறியீடு அச்சிட்ட சீட்டு ஒன்றைச் செருகி வையுங்கள். அந்தக் குறியீடு முகப்புப் பக்கத்துக்குப் போகக் கூடாது. புத்தகத்தில் இல்லாத ஒரு கதைக்கு நேராகப் போக வேண்டும்.