ஊரடங்குக் காலத்தில் டைப் 1 குழந்தை: இன்சுலின் இருப்பு, காய்ச்சல் நாள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம்

பெருந்தொற்று என்றதும் டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசி தேவைப்படும் வகை) உள்ள குழந்தையின் பெற்றோர் முதலில் பயப்படுவது கிருமிக்குத்தான். 2020-இல் கோவிட் வந்தபோது நடந்தது வேறு. சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சாதாரணக் காய்ச்சலாக வந்து போனது. ஆபத்து வேறு வழிகளில் வந்தது: இன்சுலின் தீர்ந்துபோனது, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடித்தது, தொற்றுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டது. மூன்றுமே வீட்டில் முன்கூட்டித் தடுக்கக்கூடியவை.

எவ்வளவு இருப்பு வேண்டும்

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவித்தார்கள்; அன்று நள்ளிரவே நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பு வந்த பிறகு கடைக்கு ஓடினால் கிடைக்காது. எப்போதும் இரண்டு மாத இருப்பு வீட்டில் இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் வாங்குபவர்கள், தொற்றுச் செய்தி வரத் தொடங்கியதுமே இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள்.

கணக்கு இப்படி. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம்: சாப்பாட்டுக்கு முன் போடும் தெளிந்த இன்சுலின் 12, மெதுவாக நீண்ட நேரம் வேலை செய்யும் கலங்கலான இன்சுலின் 8. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் 10 மி.லி. பாட்டிலில் 400 யூனிட் இருக்கும். தெளிந்தது மாதத்துக்கு 360, கலங்கல் 240. கலங்கல் பாட்டிலில் மிச்சம் இருக்குமே என்று அடுத்த மாதத்துக்கு இழுக்காதீர்கள். திறந்து 28 நாள் ஆனால் தூக்கிப்போட வேண்டியதுதான். ஆக வகைக்கு மாதம் ஒன்று. இரண்டு மாதத்துக்கு இரண்டிரண்டு, உடைந்தால், கெட்டுப்போனால் என்று ஒவ்வொன்று கூடுதல். மொத்தம் ஆறு பாட்டில். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

ஸ்ட்ரிப்பில்தான் எல்லோரும் கணக்குத் தப்புகிறார்கள். நாளுக்கு நான்கு முறை என்றால் மாதம் 120. ஆனால் காய்ச்சல் நாளில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த ஒரு நாளுக்கே பத்து போய்விடும். ஐந்து நாள் காய்ச்சலுக்குத் தனியாக 50 ஸ்ட்ரிப் உள்ள ஒரு டப்பாவைத் திறக்காமல் எடுத்து வையுங்கள். வேலை போய்ப் பணம் நெருக்கும்போது முதலில் குறைக்கத் தோன்றுவது ஸ்ட்ரிப்தான். குறைக்கத்தான் வேண்டுமென்றால் காலை வெறும் வயிற்றிலும் இரவு படுக்கும் முன்னும் பார்ப்பதை விடாதீர்கள்; காய்ச்சல் டப்பாவில் கை வைக்காதீர்கள்.

இதோடு சிறுநீர்க் கீட்டோன் ஸ்ட்ரிப் ஒரு பாட்டில் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்தான் கீட்டோன்). விலை குறைவு. குழந்தையின் உயிரைக் காக்கும் பொருள்களில் இன்சுலினுக்கு அடுத்தது இதுதான், ஆனால் பாதி வீடுகளில் இருப்பதில்லை.

சிரிஞ்சு மாறினால்

தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை வாங்கும்போது நடக்கும் மிக மோசமான தவறு இது. நம் ஊர் பாட்டில் இன்சுலின் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனா கெட்டுப்போனதென்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. சின்னக் குழந்தைக்கு அது வலிப்பு வரை கொண்டுபோகும். மாற்றி, பாட்டில் இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் 4 யூனிட்தான் உள்ளே போகும். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று நாள் முழுக்கத் திண்டாடுவீர்கள். கடைக்காரர் கையில் கொடுக்கும் இடத்திலேயே பாட்டிலில் 40 என்று இருக்கிறதா, மூடி சிவப்பா என்று பாருங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில்

திறக்காத பாட்டிலுக்கு 2 முதல் 8 டிகிரி. ஃபிரீசருக்கு ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் இரண்டு மண்பானை போதும். பெரியதற்குள் சின்னதை வைத்து, இடையில் ஆற்று மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனையுங்கள். இன்சுலினை மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு உள்பானையில் வையுங்கள். பாட்டில் தண்ணீரில் படக் கூடாது. மேலே ஈரத்துணி மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வைக்க வேண்டும். ஈரம் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி வரும் என்பதால் மதுரை, வேலூர் மாதிரி உலர்ந்த வெயிலில் இது நன்றாக வேலை செய்யும். சென்னை, நாகப்பட்டினம் பக்கம் கடல் காற்றின் ஈரத்தில் அவ்வளவு குளிராது. அங்கே பானையில் இருப்பது கையில் ஓடும் பாட்டிலாக மட்டும் இருக்கட்டும். மிச்சத்தை ஃபிரிட்ஜ் உள்ள பக்கத்து வீட்டிலோ தெரிந்த மருந்துக்கடையிலோ கொடுத்து வையுங்கள்.

தெளிந்த இன்சுலின் கலங்கினாலோ, கலங்கல் இன்சுலினை உள்ளங்கையில் உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக நின்றாலோ போடாதீர்கள். வெயிலில் கெட்டது பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதே டோஸ், அதே சாப்பாடு, ஆனால் இரண்டு நாளாகச் சர்க்கரை 300-க்குக் கீழே வரவில்லை என்றால் புதுப் பாட்டிலைத் திறந்து பாருங்கள்.

விரலில் சானிடைசர்

கை கழுவுவதற்குப் பதில் சானிடைசர் தேய்த்துவிட்டு உடனே குத்தினால் ரீடிங் தப்பாக வரும். ஈரம் காயாத விரலில் ரத்தத் துளி நீர்த்துப்போகும். மாம்பழம் சாப்பிட்ட விரலைச் சானிடைசரால் துடைத்தாலும் சர்க்கரை முழுதாகப் போகாது. 120 இருக்க வேண்டிய இடத்தில் 250 காட்டும், அதை நம்பி இன்சுலின் போட்டால் லோ ஆகும், அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். எதிர்ப்புச் சக்திக்கு என்று பெரிய அளவில் வைட்டமின் சி மாத்திரை கொடுப்பதும் சில மீட்டர்களிலும் கையில் ஒட்டும் சென்சார்களிலும் ரீடிங்கைத் தப்பாக்கும். கபசுரக் குடிநீரில் கசப்புத் தெரியாமலிருக்கத் தேனோ கருப்பட்டியோ கலந்து கொடுத்தால் அந்தச் சர்க்கரையும் கணக்கில் வர வேண்டும்.

காய்ச்சல் நாள்

பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால் இன்சுலின் வேண்டாம்: பெற்றோர் எடுக்கும் முடிவுகளிலேயே ஆபத்தானது இதுதான். காய்ச்சலில் உடம்பு சுரக்கும் ஹார்மோன்கள் சாப்பாடு இல்லாமலேயே சர்க்கரையை ஏற்றும். இன்சுலின் இல்லையென்றால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனை உண்டாக்கும், ரத்தம் அமிலமாகிவிடும். அதுதான் டிகேஏ. சர்க்கரை குறைவாக இருந்தால் டாக்டரைக் கேட்டு டோஸைக் குறைக்கலாம். கலங்கல் இன்சுலினை, அல்லது நாள் முழுக்க வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலினை, முழுதாக நிறுத்தவே கூடாது.

இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நடு இரவிலும், சர்க்கரை பாருங்கள். 250-க்கு மேல் இருந்தாலோ வாந்தி வந்தாலோ கீட்டோன் பாருங்கள். சிறுநீர் ஸ்ட்ரிப்பில் நிறத்தை எத்தனை வினாடியில் பார்க்க வேண்டும் என்று பாட்டிலிலேயே இருக்கும். தாமதித்துப் பார்த்தால் நிறம் கூடுதலாகத் தெரியும். ரத்தக் கீட்டோன் மீட்டர் இருந்தால் 0.6-க்குக் கீழே பயமில்லை. 1.5-ஐத் தாண்டினால் உடனே டாக்டரிடம் பேச வேண்டும். 3 என்றால் பேசிக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும்.

சர்க்கரையும் கீட்டோனும் சேர்ந்து ஏறும்போது கூடுதலாகப் போடும் டோஸ் வழக்கமாகக் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 யூனிட் வரை. 25 கிலோ குழந்தைக்கு ஒன்றேகாலிலிருந்து இரண்டரை யூனிட். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதை நல்ல நாளிலேயே டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு போன் கிடைக்காதபோது அந்தச் சீட்டுதான் துணை.

தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குக் கிலோவுக்கு 4 முதல் 6 மி.லி., அதாவது 25 கிலோவுக்கு 100 முதல் 150 மி.லி. மொத்தமாகக் குடித்தால் வாந்தியாகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய். சர்க்கரை 250-க்கு மேல் இருந்தால் வெந்நீர், தெளிந்த ரசம், உப்புப் போட்ட நீர்மோர். 180-க்குக் கீழே வந்தால் இளநீர், அரிசிக் கஞ்சி, ஓஆர்எஸ். இனிப்புள்ளது கொடுத்தால்தான் இன்சுலினைத் தொடர முடியும். 70-க்குக் கீழே போனால் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. 25 கிலோவுக்கு 375 மி.கி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மி.லி.; 125 மி.கி. உள்ளது என்றால் 15 மி.லி. இரண்டு வகையும் கடையில் கிடைப்பதால் லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம்.

மூச்சு வாங்கினால் கோவிட் என்றே நினைக்காதீர்கள்

டிகேஏ வந்த குழந்தை ஆழமாக, வேகமாக மூச்சு விடும். வயிறு வலிக்கும், வாந்தி வரும், மூச்சில் பழ வாடை அடிக்கும், அசந்து அசந்து தூங்கும். பெருந்தொற்றுக் காலத்தில் இதைப் பார்த்ததும் நுரையீரல் தொற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆக்ஸிமீட்டரில் 98 காட்டுகிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால் கீட்டோன் பாருங்கள். 94-க்குக் கீழே என்றால் எது காரணமானாலும் ஆஸ்பத்திரிதான்.

இரண்டு மணி நேரமாக வாந்தி நிற்கவில்லை, கூடுதல் இன்சுலின் போட்டும் கீட்டோன் குறையவில்லை, சர்க்கரையை 70-க்கு மேல் நிறுத்த முடியவில்லை, குழந்தை சோர்ந்து துவள்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். வாசலில் காய்ச்சல் வரிசையில் நிற்கவைப்பார்கள். முதல் வார்த்தையாக “டைப் 1 குழந்தை, கீட்டோன் இருக்கிறது” என்று சொல்லுங்கள். கோவிட் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கட்டும். அதன் முடிவு வரும்வரை சலைனும் இன்சுலினும் காத்திருக்கக் கூடாது. இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். வீட்டு இன்சுலின், மீட்டர், ஸ்ட்ரிப், டோஸ் எழுதிய நோட்டு, கடைசி ஊசி போட்ட நேரம் ஆகியவை ஒரே பையில் தயாராக இருக்கட்டும்.

சர்க்கரை இருப்பதே தெரியாத குழந்தைகள் இன்னும் பரிதாபம். ஜெர்மனியில் 2020 மார்ச் 13 முதல் மே 13 வரை டைப் 1 புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 532 குழந்தைகளில் 44.7 சதவீதம் பேர் டிகேஏ-வோடு வந்தார்கள். முந்தைய ஆண்டு இதே காலத்தில் அது 24.5 சதவீதம். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், உடம்பு இளைப்பது, நிறுத்திய பிறகும் மறுபடி படுக்கையை நனைப்பது என்று எந்தக் குழந்தையிடம் தெரிந்தாலும் அன்றைக்கே விரலில் ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் மீட்டர் போதும்.

அம்மாவுக்குத் தொற்று வந்தால்

பெரும்பாலான வீடுகளில் ஊசி போடத் தெரிந்தவர் ஒருவர்தான், பெரும்பாலும் அம்மா. அவரைத் தனிமைப்படுத்திய அன்று மாலையே குழந்தைக்கு டோஸ் தப்பும். அப்பாவோ சித்தியோ தாத்தாவோ, இன்னொருவர் குறைந்தது ஒரு வாரம் தன் கையால் ஊசி போட்டு, அம்மா பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்த்துத் தெரிந்துகொண்டது கை நடுங்கும் நேரத்தில் உதவாது. காற்றுக் குமிழை வெளியேற்றுவது, கலங்கல் இன்சுலினைக் குலுக்காமல் உருட்டுவது, தெளிந்ததை முதலில் இழுத்துப் பிறகு கலங்கலை இழுப்பது, ஊசியை எடுக்கும் முன் பத்து வரை எண்ணுவது என எல்லாம் பழகட்டும். எடை, டோஸ், லோ ஆனால் செய்ய வேண்டியது, டாக்டர் எண் எல்லாம் ஒரே தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

பள்ளி மூடியபோதும் திறந்தபோதும்

விளையாட்டு நின்று, தூக்கம் தள்ளி, ஆன்லைன் வகுப்புக்கு நடுவே நொறுக்குத் தீனி என்று ஆனால் டோஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வீட்டுக்குள்ளேயே சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் கயிறு தாண்டுதலோ மொட்டை மாடியில் நடையோ இருந்தால் இந்த ஏற்றம் குறையும். பதின்வயதுப் பிள்ளைகள் ஊசியைப் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போடாமல் இருப்பதும் தனித்து அடைந்து கிடந்த மாதங்களின் களைப்புதான். திட்டினால் மறைப்பது கூடும். சில நாள் கூடவே உட்கார்ந்து போடுங்கள்.

தமிழகத்தில் 1 முதல் 8 வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்துக்கு ஏற்றிய டோஸோடு குழந்தை சைக்கிளில் பள்ளிக்குப் போனால் பதினோரு மணிக்கு லோ ஆகும். திறப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசிக் காலை டோஸைத் திருத்துங்கள். முதல் இரண்டு வாரம் இடைவேளையில் சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று பைக்குள், ஒன்று வகுப்பாசிரியர் மேசையில்.