ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்கி வண்டி பேசுகிறவர்களுக்கு

"ஆப்ல கம்மியா காட்டுதே அண்ணே?"

ராமநாதபுரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வண்டியைப் போட்டு நிற்கிற என்னிடம் வாரத்துக்கு நாலு பேராவது போனைத் திருப்பிக் காட்டி இப்படிக் கேட்கிறார்கள். காட்டுவது பொய்யில்லை. அந்தத் தொகைக்கு வண்டி வருமா என்பதுதான் வேறு கேள்வி. இருபது வருஷத்துக்கு மேல் இந்தக் கரையில் டாக்சி ஓட்டுகிறேன். அம்பாசடரில் ஆரம்பித்து, நடுவில் ஒரு இண்டிகா, இப்போது டிசையர். என் போனிலும் இரண்டு டாக்சி செயலிகள் (ஆப்) இருக்கின்றன, சவாரி வந்தால் எடுப்பேன். அதனால் இதை ஸ்டாண்டுக்காரனின் புலம்பலாக நினைக்க வேண்டாம். எங்கள் ஆட்கள் செய்கிற தில்லுமுல்லையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இது புரிந்தால் பேரம் பேசுவது பாதி முடிந்தது.

இங்கிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். உங்களை இறக்கிவிட்டுத் திரும்பி வர இன்னொரு 55. ஏ.சி. போட்டு ஓட்டினால் என் வண்டி லிட்டருக்கு 18 கொடுக்கும். ஆக ஆறு லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிற காலத்தில் 550 ரூபாய் அதற்கே சரி. செயலி 1,000 ரூபாய் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளில், கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் ஓட்டுநருக்குப் போக வேண்டும் என்று இருக்கிறது. அதாவது 200 வரை செயலி எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் 800. டீசல் போக 250. மூன்று மணி நேரம் ஓட்டிய கூலி, வண்டித் தவணை, இன்சூரன்ஸ், டயர், உப்புக்காற்றில் அரித்துப்போகும் அடித்தகடு எல்லாம் அந்த 250-க்குள் அடங்க வேண்டும்.

சென்னையிலோ மதுரையிலோ இந்தக் கணக்கு வேறு மாதிரி. அண்ணா நகரில் இறக்கினால் அடுத்த தெருவிலேயே இன்னொருவர் கூப்பிடுவார். செயலிகள் எல்லாம் அந்த மாதிரி ஊரை நினைத்துச் செய்தவை. ராமேஸ்வரத்தில் காலை பத்து மணிக்கு ஆளை இறக்கினால் அங்கே ஊர் திரும்ப யாரும் தயாராக இருக்க மாட்டார்கள். இருபத்திரண்டு தீர்த்தம் ஆடி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடி பார்த்து, சங்கு மாலை வாங்கி, மறுநாள்தான் கிளம்புவார்கள். நான் பாலம் ஏறி, மண்டபம், உச்சிப்புளி என்று பனைமரங்களைப் பார்த்துக்கொண்டே காலி வண்டியை ஓட்டி வர வேண்டியதுதான். நீங்கள் பேசுகிற வாடகையில் அந்தக் காலி 55 கிலோமீட்டருக்கு யார் கொடுப்பது என்பதுதான் எல்லாப் பேரத்துக்கும் உள்ளே இருக்கிற விஷயம்.

செயலியில் புக் செய்த உடனே டிரைவர் போன் போட்டு, "எங்க சார் போறீங்க?" என்று கேட்பதும், சொன்னதும் "அத கேன்சல் பண்ணிட்டு கையில குடுத்துருங்க" என்பதும் இதனால்தான். அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் அதற்குச் சம்மதிக்காதீர்கள். கேன்சல் செய்த நிமிஷமே யார் வண்டி, எந்த வழி, எவ்வளவு பேசினோம் என்கிற பதிவு எல்லாம் போய்விடும். வண்டி எங்கே போகிறது என்று பார்க்க வீட்டுக்கு அனுப்பிய லிங்க்கும் செத்துவிடும். தொகை கட்டுப்படியாகும் என்றால் அவர் வரட்டும், இல்லையென்றால் அவரே கேன்சல் செய்யட்டும். கூடக் கொடுத்துத்தான் போக வேண்டும் என்றால், ஸ்டாண்டுக்கு வந்து நாலு வண்டியைப் பார்த்துப் பேசியே போகலாமே.

சரி, எங்கே செயலி, எங்கே ஸ்டாண்ட்? மதுரை ஊருக்குள் சுற்ற, விமான நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணி போக, செயலிதான். நானே மதுரைக்குப் போனால் அதைத்தான் திறக்கிறேன். ராமநாதபுரம் டவுனுக்குள் அரண்மனை, பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி மாதிரி சின்ன தூரத்துக்கும் திறந்து பாருங்கள். வண்டி காட்டினால் யோகம். ராத்திரி தனியாகப் போகிற பெண்களுக்கு, பயண விவரத்தை வீட்டுக்கு அனுப்புகிற வசதி ஒன்றுக்காகவே செயலி நல்லது.

தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, தொண்டி என்றால் ஸ்டாண்டு. அங்கெல்லாம் போவதோடு வேலை முடியாது, காத்திருக்க வேண்டும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கிற நவகிரகத்தைச் சுற்றி, நனைந்த துணியோடு வந்து ஏறுவார்கள். சீட்டில் விரிக்க ஒரு தார்ப்பாய் டிக்கியில் எப்போதும் வைத்திருப்பேன். கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இருக்கிறார். துபாயிலிருந்து வருவதற்கு மூன்று நாள் முன்பே "மருதைக்கு வந்துரு" என்று குரல் செய்தி வந்துவிடும். வருகிற வழியில் பரமக்குடியில் டீ, ராமநாதபுரத்தில் மருந்துக்கடை, அப்புறம் அவர் மாமியார் வீட்டில் ஒரு பையை இறக்க வேண்டும். இத்தனை நிறுத்தத்தையும் செயலிக்குள் யார் அடிப்பது? போன வருஷம் நடுராத்திரி இரண்டு மணிக்கு அவர் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். ஊரில் நல்ல டிரைவர் நம்பர் ஒன்று கிடைத்தால் சேமித்து வையுங்கள், அடுத்த தடவை ஸ்டேஷனில் நின்று பேரம் பேச வேண்டியதில்லை.

இனி ஸ்டாண்டில் எப்படிப் பேசுவது. ஸ்டாண்டில் முறை உண்டு. முன்னால் நிற்கிற வண்டிதான் முதலில் போகும். அது பழைய வண்டியாக இருந்தால், "எனக்கு அதுக்குப் பின்னால் நிற்கிற வண்டி வேணும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. முணுமுணுப்பார்கள், விடுங்கள். மஞ்சள் போர்டா என்று பாருங்கள். வெள்ளைப் போர்டு சொந்த உபயோக வண்டி. நூறு, இருநூறு குறைத்துக் கேட்பார்கள். ஆனால் வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். பச்சைப் போர்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது வாடகைக்கு ஓடும் மின்சார வண்டி, அதில் தாராளமாக ஏறலாம்.

"எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் பட்ட அவமானம் ஒன்று சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், கிலோமீட்டர் கணக்கில் பேசி இரண்டு நாள் சுற்றியது. கடைசியில் மீட்டரைப் பார்த்துத் தொகை சொன்னேன். அந்த அம்மா கையில் ஒரு சின்ன நோட்டு. "எட்டு கிலோமீட்டர் கூட வருது தம்பி" என்றார். என் ஷெட் பட்டணம்காத்தானில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்டேஷன் வந்த நாலு, திரும்பிப் போகிற நாலு. எங்கள் தொழிலில் இதை ஷெட் டு ஷெட் என்போம், எல்லாரும் அப்படித்தான் போடுகிறோம். ஆனால் நான் முன்னாடியே சொல்லவில்லை. நூறு ரூபாய் சொச்சம்தான். அந்த அம்மா கொடுத்தும் விட்டார். ஆனால் திருடனைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதற்கப்புறம் ஏறும்போதே மீட்டரைக் காட்டிப் போட்டோ எடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே பேசி முடித்ததும் டிரைவருக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள்:

"நாளை காலை 3 மணி, ராமநாதபுரம் ஸ்டேஷன். ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய் ராத்திரி 8-க்குள் திரும்ப. மொத்தம் இவ்வளவு. டீசல், டிரைவர் பேட்டா (நாள் படி), பார்க்கிங் எல்லாம் இதில் அடக்கம். ஏ.சி. உண்டு. ஷெட் கணக்கு கிடையாது."

அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும். அந்த ஒரு சொல்லுக்காக எந்த டிரைவரும் பிறகு வாயைத் திறக்க மாட்டார். மூன்று மணி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு: விடிகாலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். இன்னொன்று, எங்களுக்கு நாள் என்பது ராத்திரி 12 மணிக்கு மாறும். 11 மணிக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்காக இரண்டு நாள் பேட்டா கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கிலோமீட்டர் கணக்கில் ஏமாறுகிற இடம் மினிமம். போய்த் திரும்புகிற சவாரிக்கு வெளியூர் வண்டிகள் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் மினிமம் போடுவார்கள். ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை போய் வந்தாலே 150-தான் ஓடும். ஓடாத 100 கிலோமீட்டருக்கும் சேர்த்துக் கொடுப்பீர்கள். இந்தத் தூரத்துக்கு மொத்த வாடகையாகத்தான் பேச வேண்டும். மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் 380 கிலோமீட்டர் பக்கம் வரும், அப்போது கிலோமீட்டர் கணக்கு நியாயம். ஒரு ராத்திரி தங்கினால் மினிமம் 500 ஆகிவிடும். தங்குகிறவர்கள் போக ஒரு டிராப் (ஒருவழிச் சவாரி), வர ஒரு டிராப் என்று பிரித்துப் பேசுவது மேல். டோல் தனியா, சேர்த்தா என்பதையும் கேளுங்கள். அந்த வழியில் திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் கட்ட வேண்டும்.

திரும்பி வருவதற்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன், ராமேஸ்வரம் நண்பர்கள் கோபிக்கக் கூடாது. சாயங்காலம் லாட்ஜ் வாசல்களில் மஞ்சள் போர்டு வண்டிகளின் நம்பரைப் பாருங்கள். டிஎன் 65 என்றால் எங்கள் மாவட்டம். 58, 59, 64 என்றால் மதுரை. ஆளை இறக்கிவிட்டு நிற்கிற மதுரை வண்டி காலியாகத்தான் திரும்பப் போகிறது. நம்பரை மட்டும் நம்பாமல், "ரிட்டன் வண்டியா அண்ணே?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பாதி விலையில் ஆரம்பியுங்கள். டீசல் காசு வந்தாலே அவருக்கு லாபம். எனக்கே பலமுறை இப்படி ஆள் கிடைத்திருக்கிறது.

தீவுக்குள் சுற்ற கார் தேவையில்லை, ஆட்டோ போதும். "பத்து ஸ்பாட், பன்னிரண்டு ஸ்பாட்" என்பார்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டுத் திசையைப் பாருங்கள். கிழக்கே போனால் கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை எல்லாம் ஒரே சாலை. மேற்கே போனால் பேய்க்கரும்பு கலாம் நினைவிடம், தங்கச்சிமடம் வில்லூண்டி தீர்த்தம், பாம்பன். ராமர் பாதம் தனி. மேற்கே உள்ளவை மதுரைச் சாலையை ஒட்டியே இருப்பதால் வரும்போதோ போகும்போதோ உங்கள் காரிலேயே பார்த்துவிடலாம். அதற்கு ஏன் தனியாக ஆட்டோ?

லாட்ஜுக்கு நாங்கள் கூட்டிப்போனால் எங்களுக்குக் கமிஷன் உண்டு. நானும் வாங்கியிருக்கிறேன். அது உங்கள் ரூம் வாடகைக்குள்தான் இருக்கும். முன்னாடியே ரூம் போட்டுவிட்டு வாருங்கள், பெயரை மட்டும் சொல்லுங்கள். "அது சரியில்ல சார், வேற எடம் காட்டுறேன்" என்றால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

செயலி வந்து எங்கள் சோற்றில் மண் விழுந்ததா என்று கேட்பவர்களுக்கு: எங்களை ஆட்டிவைத்தது ரயில்தான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கும் வரை எங்களுக்கு நல்ல விளைச்சல். திறந்த பிறகு என் முறை வர மத்தியானம் ஆகிறது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபோது, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் ஆள் ஏற்றிப்போன வேன்காரர்களுக்கும் இதே கதைதான். அதில் ஒருத்தர் இப்போது எங்கள் ஸ்டாண்டில் எனக்குப் பின்னால் நிற்கிறார். இதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. நேராக ராமேஸ்வரம் போகிற ரயிலில் டிக்கெட் கிடைத்தால் அதில் போங்கள், கார் வேண்டாம். இதை நான் எழுதியதாக ஸ்டாண்டில் சொல்லிவிடாதீர்கள்.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாகக் கொஞ்சம். சாயங்காலம் ஆனால் சோதனைச் சாவடியில் வண்டியை விடமாட்டார்கள். மூன்று மணிக்காவது ராமேஸ்வரத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அங்கே டவர் வந்தும் வராமலும் இருக்கும். திரும்பி வரச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவழியாக இறங்கி நிற்காதீர்கள். போன வண்டியையே காத்திருக்கச் சொல்லுங்கள், வெயிட்டிங் எவ்வளவு என்று ஏறும்போதே பேசுங்கள். ஜிபேயும் அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும், கையில் ரொக்கம் இருக்கட்டும். "கொஞ்சம் மணல்ல எறக்குங்க அண்ணே, போட்டோ எடுக்கணும்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒருமுறை இறக்கி, சக்கரம் புதைந்து, மீன்காரர்கள் ஆறு பேர் வந்து தள்ளி மேலே ஏற்றினார்கள். அன்றைக்கு வந்த வாடகை டீசலுக்கும் அவர்கள் டீக்கும் சரியாகப் போயிற்று.

பாம்பன் சாலைப் பாலத்தில் நிறுத்தச் சொல்லியும் கேட்பார்கள். அங்கே நிறுத்த அனுமதி கிடையாது, போலீஸ் அபராதம் போட்டால் டிரைவர் தலையில்தான் விழும். ரயில் போவதைப் பார்க்க ஆசையென்றால், பாலம் இறங்கி பாம்பன் ஊருக்குள் விடச் சொல்லுங்கள். கரையில் படகுகளுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அதற்கு எந்த டிரைவரும் கூடக் காசு கேட்க மாட்டார்.