‘வரலாற்றில் இன்று’ பலகையைத் தயாரிப்பது எப்படி? நவம்பர் 1-ஐ வைத்து ஒரு பயிற்சி

பள்ளி அறிவிப்புப் பலகையிலோ வாசகர் வட்டத்திலோ ‘வரலாற்றில் இன்று’ பகுதியைத் தொடங்க நினைப்பவர்களுக்கு இந்தச் செய்முறை பயன்படும். புதுச்சேரியில் இருப்பவர்கள் விடுதலை நாளான நவம்பர் 1-ஐ எடுத்துக்கொண்டு பழகுவது நல்லது.

முதல் படியாக, ஊருக்கு நெருக்கமான நிகழ்ச்சி ஒன்றை எடுத்து, அன்று உண்மையில் நடந்தது எது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது’ என்று எழுதினால் அது பாதிதான் சரி. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்து வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று பிரான்ஸ் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது. ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்பூர்வமான மாற்றம் நிறைவேறியது. ஆகவே ‘நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது’ என்றுதான் பலகையில் எழுத வேண்டும்.

அடுத்து, அதே தேதிக்குரிய பிற நிகழ்ச்சிகளைத் திரட்டுங்கள். ரோமன் ரோலண்ட் நூலகம் போன்ற பொது நூலகத்தில் அமர்ந்து, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி அட்டை வைத்து, ஆண்டு, இடம், எந்த நூலில் கண்டது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நாளிதழ்களைப் புரட்டும்போது கவனம் தேவை. இதழின் தேதி பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு மறுநாளாகவே இருக்கும்.

மூன்றாவதாகக் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் ஹைட்ரஜன் குண்டைப் பசிபிக் கடலின் எனிவெடோக் தீவுத்திட்டில் அமெரிக்கா வெடித்தபோது, அங்கே 1952 நவம்பர் 1 காலை 7.15 மணி. அதே நேரத்தில் வாஷிங்டனில் அக்டோபர் 31 பிற்பகல். இந்திய நேரப்படி நவம்பர் 1 பிறந்து முக்கால் மணி நேரந்தான் ஆகியிருந்தது. நிகழ்ந்த இடத்தின் தேதியையே எழுதுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டால் குழப்பம் வராது.

நான்காவது படி நாள்காட்டி. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நம் பகுதியின் வரலாற்றுக்கோ இது மிகவும் அவசியம். பிரான்ஸ் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட, பிரிட்டனோ 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாளைச் செப்டம்பர் 14 என்று கணக்கிட்டுத்தான் மாறியது. எனவே 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட அதே நாளை, புதுச்சேரியின் பிரெஞ்சுக் குறிப்புகள், கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையின் ஆங்கிலக் குறிப்புகளைவிட 11 நாள் பிந்திய தேதியில் காட்டும். அதோடு, 1752-க்கு முந்தைய ஆங்கில ஆவணங்களில் புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்குவதால், சனவரி, பிப்ரவரித் தேதிகளில் ஆண்டையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இப்போது தேர்வு. நவம்பர் 1-க்கு 1755-ஆம் ஆண்டு லிஸ்பன் நிலநடுக்கம், 1858-ஆம் ஆண்டு விக்டோரியா அரசியின் பிரகடனம், 1956-ஆம் ஆண்டு மொழிவாரி மாநிலச் சீரமைப்பில் கேரளம் உருவானதும் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் எனப் பல அட்டைகள் சேரும். எல்லாவற்றையும் அடுக்க வேண்டாம். என் கணிப்பில் முதலிடம் அல்ஜீரியாவுக்கே தர வேண்டும்: புதுச்சேரியின் நிர்வாகத்தைப் பிரான்ஸ் ஒப்படைத்த அதே 1954 நவம்பர் 1 அன்று, அதே பிரான்ஸுக்கு எதிராக அல்ஜீரியாவில் ஆயுதப் போர் தொடங்கியது. அந்நாடு விடுதலை பெற்றதும் 1962-இல்தான். புதுச்சேரியின் சட்டப்பூர்வ மாற்றமும் அதே ஆண்டில்தான். பலகையில் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் படிப்பவர் தாமாகவே நின்று பார்ப்பார்.

எழுதும்போது ஆண்டு, இடம், செயல் என்ற வரிசையில், ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு வாக்கியம் போதும். லிஸ்பனுக்கு மட்டும் ஒரு வாக்கியம் கூட்டலாம். புனிதர் அனைவர் திருநாளன்று காலையில் தேவாலயங்கள் நிறைந்திருந்தபோது நிலம் அதிர்ந்ததும், எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகள் சாய்ந்து தீ பரவியதும் தேதியோடு நேரடியாகத் தொடர்புடையவை. தீபாவளி போன்ற, ஆண்டுதோறும் தேதி மாறும் பண்டிகைகளை இதில் சேர்க்காதீர்கள். பிரபலங்களின் பிறந்தநாள்களை இடம் மிஞ்சினால் மட்டும் கடைசி வரியில் எழுதிக்கொள்ளலாம்.