கரும்பு நோய்ப் பாக்டீரியாக்களை இனம் பிரிக்க பாக்ஸ்-பிசிஆர்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

மொரீசியஸ் கரும்பு வயல்களில் அறியப்பட்ட லீஃப் ஸ்கால்ட் (இலை வெந்ததுபோல் வெளிறும் நோய்), கம்மிங் (தண்டில் பிசின் வடியும் நோய்) ஆகிய இரண்டையும் உண்டாக்குபவை சாந்தோமோனாஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரு இனங்கள். முன்னது அல்பிலினியன்ஸ், பின்னது ஆக்சோனோபோடிஸ். அகார் தட்டில் இரண்டும் மஞ்சளாகவே வளரும். பாக்டீரியாக்களை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படும் 16எஸ் மரபணுவைப் படித்தால் பேரினம் உறுதியாகும். ஆனால் சாந்தோமோனாஸின் நெருங்கிய இனங்களுக்கிடையே அது மிகச் சிறிதளவே வேறுபடுவதால், இனத்தைத் தீர்மானிக்க அதை மட்டும் நம்ப இயலாது. எனவே, மரபணுத்தொகுதியில் ஆங்காங்கே திரும்பத் திரும்ப வரும் துண்டுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளை பிசிஆர் (டிஎன்ஏ பகுதியைப் பல படிகளாகப் பெருக்கும் முறை) மூலம் பெருக்கி, அவற்றின் நீளங்களைக் கைரேகைபோல ஒப்பிடுகிறோம்.

தூய வளர்ப்பிலிருந்து டிஎன்ஏ பிரித்து, எல்லா மாதிரிகளையும் ஒரே செறிவுக்கு, மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 50 நானோகிராமுக்குக் கொண்டு வாருங்கள். இப்படித் திரும்ப வரும் துண்டுகளில் ரெப், எரிக், பாக்ஸ் என்னும் மூன்று வகைகளில் எனக்குப் பிடித்தது பாக்ஸ்தான். அதற்கு ஒரே பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ இழை) போதும்.

பிசிஆர் நிரலில்தான் பலரும் இடறுகிறார்கள். தொடக்கத்தில் 95 பாகையில் சில நிமிடங்கள். பிறகு 94 பாகையில் 1 நிமிடம், 53 பாகையில் 1 நிமிடம், நீட்டிப்புக்கு (புதிய இழை வளரும் படி) 65 பாகையில் 8 நிமிடம் என 30 சுழற்சிகள். கருவியில் ஏற்கெனவே பதிந்திருக்கும் வழக்கமான நிரலில் நீட்டிப்பு 72 பாகையில் 1 நிமிடம்தான் இருக்கும். அதையே ஓட்டினால் நீண்ட துண்டுகள் முழுமையடையாமல், துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லின் மேற்பகுதிப் பட்டைகள் மங்கிவிடும்; எஞ்சிய சில சிறு பட்டைகளை வைத்து வேறுபட்ட இரு இனங்களை ஒன்றென்று முடிவு கட்டும் ஆபத்து உண்டு. முழு ஓட்டத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும் என்பதால் காலையிலேயே தொடங்குங்கள்.

1.5 விழுக்காடு அகரோஸ் ஜெல்லை நீளமாக வார்த்து, குறைந்த மின்னழுத்தத்தில் மெதுவாக ஓட்டுங்கள். இரு ஓரங்களிலும் நடுவிலும் அளவுக்குறி டிஎன்ஏவையும், டிஎன்ஏ சேர்க்காத மாதிரி ஒன்றையும், இனம் அறியப்பட்ட ஒப்பீட்டு வளர்ப்பையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். பட்டைகளை ஒப்பிட ஜெல்ஜே என்னும் இலவச மென்பொருள் போதுமானது.

பின்சேர்க்கை: கம்மிங் மாதிரிகளில் மட்டும் பட்டைகளே வருவதில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். நோய்க்குப் பெயர் தந்த அந்தப் பிசினே டிஎன்ஏவுடன் ஒட்டி வந்து பிசிஆரைத் தடுக்கிறது. செல்களை முதலில் உப்புக் கரைசலில் கழுவி, சிடிஏபி (பிசினை நீக்க உதவும் சலவைப்பொருள்) முறையில் டிஎன்ஏ எடுத்துப் பாருங்கள். அதன் பின்னும் ஒரு மாதிரியின் பட்டை வரிசை எந்த ஒப்பீட்டு வளர்ப்போடும் பொருந்தாவிட்டால், கைரேகையை வைத்து இனப்பெயர் சூட்டாமல், இனங்களுக்கிடையே 16எஸ்ஸைவிட அதிகம் வேறுபடும் ஜைர்பி மரபணுவை வரிசைப்படுத்துங்கள்.