குளிர்மேல் பழி போடாதீர்கள்: விறைப்புக் குறைபாட்டில் செய்யும் தவறுகள்

ஊட்டி, கோத்தகிரி பக்கம் விறைப்புக் குறைந்தால் முதல் பழி குளிருக்குத்தான். குளிரில் ஆணுறுப்பு சுருங்கும், கம்பளிக்குள் சூடேறியதும் பழையபடி ஆகிவிடும். 3 மாதமாக விறைப்பு வராமலோ நிற்காமலோ இருந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். குளிருக்கென்று பழகிய பீடியும் பிராந்தியும் அதில் வரும்.

ரத்தம் பாய்ந்து தங்கினால்தான் விறைப்பு. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாயின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத்துக்குப் போவது 3 முதல் 4. கொழுப்பு படியும்போது மெல்லிய குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், நெஞ்சுவலிக்குச் சில வருடம் முன்பே கூட. அதனால்தான் வெட்கப்பட்டு மறைப்பதைப் பெரிய தவறு என்கிறோம். தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஏறும்போது நெஞ்சும் இறுகினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

'நரம்புத் தளர்ச்சி', 'கைப்பழக்கம்' என்று லாட்ஜ் வைத்தியர்கள் பயமுறுத்துவதை நம்பாதீர்கள். கைப்பழக்கத்தால் ஆண்மை போகாது. அவர்கள் தரும் பெயரில்லாத கேப்சூல்தான் ஆபத்து. இப்படி விற்ற சில 'மூலிகை' மருந்துகளில் சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் விறைப்பு மருந்து) கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர் அதை விழுங்கினால் பிரஷர் சட்டென்று இறங்கி உயிரே போகலாம்.

விடியற்காலையில் தானாக விறைப்பு வந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் வரவில்லையா? கடன், பயம், மனக்கசப்பு காரணமாக இருக்கலாம். காலையிலும் இல்லையென்றால் உடலைப் பரிசோதிக்க வேண்டும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

டெஸ்ட் எடுப்பதிலும் தவறு நடக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 mg/dL, மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.5 சதவீதம்; இவற்றைத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று கணக்கு. அது ரத்தக்குழாய், நரம்பு இரண்டையும் கெடுக்கும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் பார்க்கக் காலை 7 மணியிலிருந்து 11 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். மதியம் அளவு இயல்பாகவே இறங்கியிருக்கும். மஞ்சூரிலிருந்து வருபவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி பார்த்த பிறகே முடிவு.

அட்டெனலால் போன்ற சில பிரஷர் மாத்திரைகளாலும் விறைப்பு குறையலாம். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் இதயத்துக்குக் கேடு. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி, 'இதுக்குப் பதிலா வேற இருக்கா?' என்று கேளுங்கள்.