பிளாஸ்மா முறிவை லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க ஒரு வழி

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், படகைக் கரையேற்றக் கொஞ்சமாவது அவகாசம் இருக்கும். டோக்கமாக் என்பது பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற மிகச் சூடான வாயுவை, காந்தப்புலத்தால் பிடித்துவைக்கும் அணு இணைவுக் கலம். அதில் பிளாஸ்மா கட்டுக்குலைந்து முறியத் தொடங்கினால், அதன் வெப்பம் ஓரிரு மில்லிநொடியில் சுவருக்குப் போய்விடும். பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் என்ற டோக்கமாக் உலையில், பிளாஸ்மாவுக்குள் 15 மெகா ஆம்பியர் மின்னோட்டம் ஓடப்போகிறது. முறிவின்போது உறைந்த ஹைட்ரஜன், நியான் குண்டுகளைச் சிதறடித்து உள்ளே செலுத்தி, வெப்பத்தை எல்லாப் பக்கமும் ஒளியாக வெளியேற்றுவதுதான் திட்டம். எவ்வளவு நியான், எவ்வளவு ஹைட்ரஜன்? மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள் இதைத்தான் கணக்கிட விரும்புகிறார்கள்.

முதலில் பேனாவை எடுங்கள். பிளாஸ்மாவை மின்தடை உள்ள ஒற்றைச் சுற்றுக் கம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஈட்டர் அளவுக்கு அதன் தூண்டல் சுமார் 13 மைக்ரோ ஹென்றி. மின்தடை எண் வெப்பநிலையின் ஒன்றரை அடுக்குக்குத் தலைகீழாக மாறும். அதனால் வெப்பநிலை 1000 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து (பிளாஸ்மா வெப்பநிலையை இந்த அலகில்தான் சொல்வார்கள்) 5-க்கு இறங்கினால், மின்தடை எண் சுமார் 2800 மடங்கு ஏறிவிடும். 5 எலக்ட்ரான் வோல்ட்டில் மொத்தத் தடை 80 மைக்ரோ ஓம் வருகிறது. 13-ஐ 80-ஆல் வகுத்தால், மின்னோட்டம் விழ ஆகும் நேரம் சுமார் 160 மில்லிநொடி. ஈட்டருக்கு வேண்டிய 50 முதல் 150 மில்லிநொடிக்குச் சற்று வெளியே. 50-ஐ விட வேகமாக மின்னோட்டம் விழுந்தால் சுவர்ப் பாகங்களில் சுழல் மின்னோட்ட விசை கூடும். 150-ஐ விட மெதுவாக விழுந்தால் பிளாஸ்மா நகர்ந்து சுவரைத் தொட்டு, மின்னோட்டம் கலத்துக்குள்ளேயே பாயும்.

அப்புறம் பைத்தான். மின்னோட்டத்துக்கு ஒரு சமன்பாடு, வெப்பத்துக்கு ஒன்று: ஓமிக் சூடு (மின்தடையால் வரும் சூடு) உள்ளே, நியான் கதிர்வீச்சு வெளியே. கதிர்வீச்சு எண்களை ஓப்பன் அடாஸ் என்ற திறந்த அணுத் தரவுத் தொகுப்பிலிருந்து எடுக்கலாம். நியான் அயனியாகும்போது விடும் எலக்ட்ரான்களையும் அடர்த்தியில் சேர்க்க மறக்காதீர்கள்.

நான் இங்கேதான் இரண்டு வாரம் தடுமாறினேன். இப்போதைய மாற்ற வேகத்தை வைத்தே அடுத்த படிக்குத் தாவும் நேரடி ஆய்லர் முறையில், 0.1 மில்லிநொடிப் படியில் ஓட்டினேன். வெப்பநிலை எதிர்மறையாகப் போனது. நியான் தரவில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் கணக்குப் போட்டால், ஒரு கன மீட்டரில் வெறும் 240 ஜூல் வெப்பம்தான் இருக்கிறது, உள்ளே வரும் சூடோ 2 கோடி வாட்டுக்கு மேல். பத்து மைக்ரோநொடியில் எல்லாமே மாறிவிடும். நான் வைத்த படி அதைப் போல் பத்து மடங்கு. பைத்தானின் சைபை தொகுப்பில் உள்ள சால்வ்-ஐவிபி (solve_ivp) சார்பில், இப்படிச் சட்டென்று மாறும் சமன்பாடுகளுக்கான பிடிஎஃப் (BDF) முறையைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது.

அடுத்தது தறிகெட்டு ஓடும் எலக்ட்ரான்கள்: மோதல்கள் தடுக்க முடியாமல், மின்புலம் இழுக்க இழுக்க வேகம் கூடிக்கொண்டே போகிறவை. இந்த வேலையில் எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இதுதான். 5 எலக்ட்ரான் வோல்ட்டில் மின்புலம் மீட்டருக்கு 30 வோல்ட்டைத் தாண்டும். அடர்த்தி கன மீட்டருக்கு 10-இன் 20-ஆம் அடுக்கு என்றால் எல்லைப் புலம், அதாவது எலக்ட்ரான்கள் தறிகெட்டு ஓடத் தேவையான குறைந்தபட்சப் புலம், மீட்டருக்குச் சுமார் 0.08 வோல்ட்தான். நானூறு மடங்கு! ஒரு வேக எலக்ட்ரான் மோதி இன்னொன்றைக் கிளப்ப, அது மற்றொன்றைக் கிளப்பப் பெருகிக்கொண்டே போகும். அதனால் மின்னோட்ட வளைவு அழகாக விழுந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். நியானைக் கூட்டினால் புலமும் கூடும். ஹைட்ரஜனைக் கூட்டினால் எல்லைப் புலம் உயரும், நல்லதுதான். ஆனால் கொட்டித் தீர்த்தால் பிளாஸ்மா மிகவும் குளிர்ந்து எலக்ட்ரான்கள் அணுவோடு ஒட்டிக்கொள்ளும். அவையும் மோதலுக்கு இலக்காகி, பெருக்கம் மறுபடி கூடும். இரண்டையும் சேர்த்தே மாற்றி, கட்டம் கட்டமாக ஓட்டிப் பாருங்கள்.

இவ்வளவும் கைவந்த பிறகு சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான, தறிகெட்ட எலக்ட்ரான்களையும் கணக்கிடும் ட்ரீம் (DREAM) நிரலுக்குப் போங்கள். இலவசம், பைத்தானிலிருந்தே இயக்கலாம். பிளாஸ்மாவின் முப்பரிமாண நிலைகுலைவையும் கணக்கிட வேண்டுமென்றால் ஜோரெக் போன்ற நிரல்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குச் சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் ஓமிக் சூடு, கதிர்வீச்சு, மிச்ச வெப்பம் மூன்றும் வரவு செலவில் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கணக்கு இடித்தால் அந்த வளைவை யாரிடமும் காட்டாதீர்கள். இடைநிலை முடிவுகளைக் கோப்பில் எழுதிக்கொண்டே வாருங்கள். சித்திரை மாத இரவு ஒன்றில் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, அறுபது ஓட்டங்களில் ஐம்பத்திரண்டை இழந்தேன். இப்போதெல்லாம் ஒரு ஓட்டம் முடிந்ததும் ஒரு கோப்பு.